மாற்றாத பேரிங்கும் மாட்டிக்கொண்ட நானும்

மூன்று வருடங்களுக்கு முன், அன்னூரில் மகளின் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, அவளைச் சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த நாளில் நடந்தது இது. எதைப் பேசினாலும் நாலு பேரைச் சிரிக்க வைப்பவன் என்று சொந்தத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் நடுரோட்டில் கிழிந்த கதை.

வளைகாப்புக்குக் கொஞ்ச நாள் முன்பே எங்கள் காரில் 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. நாற்பதைத் தாண்டினால் கேட்கும்; வேகம் கூடக் கூட அதுவும் கூடும். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து வைத்தியம் பார்த்தேன். வலது பக்கம் திரும்பினால் சத்தம் ஏறுகிறது, இடது பக்கம் திரும்பினால் அடங்குகிறது என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. நச்சரிப்புத் தாங்காமல் எங்கள் வழக்கமான மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் பின்பக்க இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். டக் டக்கென்று ஆடியது. கையால் சுற்றிவிட்டார், ஆட்டுக்கல்லில் மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு.

"பேரிங் முடிஞ்சுதுங்க. சாமான் வாங்கியாறேன், மத்தியானம் வரைக்கும் வண்டிய உட்டுட்டுப் போங்க" என்றார்.

எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அந்த மரியாதையில் எனக்குப் பாதி ஆபத்து கரைந்துவிட்டது. அன்றைக்கு நண்பர் வீட்டுக் கல்யாண விருந்து வேறு. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, அதே வண்டியில் சாப்பிடப் போனேன்.

சாயங்காலம் மனைவி கேட்டாள். பேரிங் மாத்தியாச்சு என்றேன். அப்படியே வாயில் வந்துவிட்டது. பிறகேன் இன்னும் சத்தம் வருகிறது என்றதற்கு, புதுச்செருப்பு நாலு நாள் கடிக்காதா, புது பேரிங்கும் அப்படித்தான், செட்டாக வேண்டும் என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓடிவிட்டது. அன்னூர் கிளம்பும் காலையில், வேண்டுமானால் வாடகைக் கார் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். புதுச் சாமான் போட்ட வண்டியை வைத்துக்கொண்டு வாடகைக் காரா என்று கோபித்துக்கொள்ளக்கூடச் செய்தேன்.

திரும்பி வரும்போது, கோவில்பாளையம் தாண்டியதும் 'ஊம்ம்' போய் 'கறகற' வந்தது. கருகல் வாடை. வண்டியின் பின்பக்கம் தனியாக ஆட ஆரம்பித்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. எப்படியோ ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், சக்கரம் சாய்ந்து நிற்கிறது. கிட்டே போனாலே அனல். பின்சீட்டில் ஏழு மாதக்காரி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றைத் தடவத் தடவ வளையல்கள் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன.

மனைவி பாய்க்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க பாய், பேரிங் மாத்திப் பத்து நாள்தானுங்களே ஆச்சு. வயித்துப் புள்ளையோட சேத்தி நாலு உசுருங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். போனைப் பிடுங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்பில் ஒட்டிய மண்ணை ரொம்ப அக்கறையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பாய், "எங்க நிக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா, வாரேன்" என்றார்.

அரை மணியில் ஸ்கூட்டரில் வந்தார். மனைவி மீண்டும் ஒரு பாட்டம் கேட்டாள். உங்களை நம்பித்தானே புள்ளையை ஏற்றினோம் என்றாள். அவர் குனிந்து சக்கரத்தைக் கழற்றினார். பையிலிருந்து பிரிக்காத பேரிங் டப்பா ஒன்றை எடுத்தார். அதன் மேல் மார்க்கரில் என் வண்டி நம்பர், பக்கத்தில் பத்து நாளுக்கு முந்தைய தேதி. அன்றைக்கே வாங்கிவந்து, எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். என்னை ஒரு தடவை பார்த்தார். டப்பாவைத் திருப்பி, நம்பர் தெரியாதபடி தரையில் கவிழ்த்து வைத்தார்.

அதற்குமேல் என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை.

"அவரு மாத்தவே இல்லம்மா. நான் வண்டிய உடவே இல்ல. பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன் மனைவியிடம்.

"நடுரோட்டுலயுமா உங்க வெளையாட்டு?" என்று சொல்லிவிட்டு மனைவி பாயின் பக்கமே திரும்பிக்கொண்டாள். மகள்கூட லேசாகச் சிரித்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், அதற்கும் சிரிப்புத்தான் கிடைத்தது. கடைசியில் குனிந்து அந்த டப்பாவை நானே நிமிர்த்தி, நம்பரையும் தேதியையும் காட்ட வேண்டியதாயிற்று.

மனைவி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. பாயிடம் போய், "தப்பாப் பேசிப்போட்டேனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டாள். அவர் தலையை நிமிர்த்தாமலே, "இருக்கட்டுங்கக்கா, மொதல்ல புள்ளைய நெழலுக்குக் கூட்டிப் போங்க" என்றார். அவர்கள் போன பிறகு நானும் கேட்டேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

பேரன் இப்போது ஓடி விளையாடுகிறான். ஆனால் இன்றும் நான் எதைச் சொன்னாலும், மனைவி ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறாள். அந்த ஒரு நொடியில் எத்தனையோ வேடிக்கை சொல்லத் தெரிந்த எனக்கு, கண்ணைத் தாழ்த்திக்கொள்ள மட்டும்தான் தெரிகிறது.