பேரனுக்காக மென்ற வேப்பிலை

ஜெயவேலுவைக் கடித்த கொசு வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் பறக்கும் என்று ஒக்கலிபுரத்தில் சொல்வார்கள். கொப்பளித்ததை நானே பார்த்தேன், நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ரயில்வே பட்டறையில் கரி அள்ளிய அந்த மனிதனின் உடம்பில் வேப்பஞ்சாறுதான் ஓடியது.

எல்லாம் அவன் அம்மா சின்னத்தாய் செய்த வேலை. சுதந்திரம் வந்த வருஷம் அவனுக்கும் பாஞ்சாலிக்கும் கல்யாணம். பேரன் பிறக்கும்வரை தன் மகன் தினமும் விடிந்ததும் ஒரு பிடி வேப்பங்கொழுந்து தின்பான் என்று அன்றைக்கே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். வேண்டிக்கொண்டது அவள், மென்றது அவன். "நாக்க நீட்றா" என்று பார்த்துவிட்டுத்தான் விடுவாள். அவனும் கசப்புத் தாங்காமல் ஒரு துண்டு வெல்லம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புவான்.

ஐந்தாறு வருஷமாகியும் தொட்டில் ஆடவில்லை. ஒரு தீபாவளியன்று சின்னத்தாய் மருமகளிடம் சொன்னாள்: "வர்ற ஆடி வரிக்கும் பாப்பேன். அப்பால என் தம்பி பொண்ணு காந்தாவ இவனுக்குக் கட்டி வச்சிடுவேன். நீ மூட்டையக் கட்டிக்கினு கோலாருக்கு உங்கப்பன் ஊட்டுக்குப் போய்ச் சேரு."

பாஞ்சாலி புருஷனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் காலத்தில் எவளும் துணியாத காரியம். டாக்டர் சுந்தரராமன் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "வித்து ரொம்பக் குறைவு. இருக்கறதும் அசையல. என்னப்பா சாப்பிடறே?" என்றார்.

சொன்னான்.

"வேப்பிலை ஆம்பளை வித்தை வாட்டும்னு நாட்டு வைத்தியத்துல ஒரு பேச்சு உண்டு. அதனாலதான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். கொஞ்ச மாசம் நிறுத்திப் பாரு."

"அம்மனுக்கு நேந்தது சார்."

"அம்மனா கேட்டா?" என்றாள் பாஞ்சாலி. "உங்கம்மாதான கேட்டாங்க."

அன்றிலிருந்து கொழுந்தைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, நாக்கை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு, தண்டவாளத்தோரம் போய்த் துப்பினான். பாஞ்சாலி முருங்கைக்கீரையை நெய்யில் வதக்கிச் சோற்றோடு கட்டிக் கொடுத்தாள். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. கொசுக்கள்கூட விருந்துக்கு வந்தன.

மாசியில் சின்னத்தாய்க்குப் பெரியம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிய கையோடு அவன் பாயருகே உட்கார்ந்து உளறிவிட்டான்.

"நான் துன்னலம்மா. துப்பிட்டேன்."

அம்மை முத்து மூடிய கண்களை அவளால் திறக்க முடியவில்லை. "தெரியும்டா. கொஞ்ச நாளா நீ வெல்லம் கேக்கலியே."

"ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"பேரன் வந்துட்டா ஆத்தாகிட்ட நானே பேசிக்கலாம்னு இருந்தேன். அவ முந்திக்கினா. இனிமே துப்பாத. என் தலமேல கைய வச்சி சொல்லு."

"வேணாம்யா," என்றாள் வாசற்படியில் நின்ற பாஞ்சாலி.

அவன் வைத்தான்.

அமாவாசைக்குள் சின்னத்தாய் போய்விட்டாள். காந்தாவின் பேச்சை எடுக்க ஆளில்லாமல் போகவே, பாஞ்சாலியை யாரும் கோலாருக்கு அனுப்பவில்லை. தொட்டில் கட்ட அடித்திருந்த கொக்கியில் அவள் வெங்காயக் கூடையைத் தொங்கவிட்டாள்.

நாக்கைப் பார்க்க யாருமில்லை. ஆனாலும் தலை நரைத்த பிறகும் ஜெயவேலு விடிந்ததும் மென்று விழுங்கிவிட்டு, பாஞ்சாலி முன்னால் வந்து நாக்கை நீட்டுவான். அவள் பார்க்கமாட்டாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வெல்லத்தை எடுத்து நீட்டுவாள்.