கைராசிக்காரர் மேல் ஒரு வழக்கு

எங்கள் தெருவில் என்னை வாயாடி என்று சொல்லாத ஆள் கிடையாது. மளிகைக் கடை நடத்துகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் ஊரே கடன் சொல்லிவிட்டுப் போய்விடும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். என் வீட்டுக்காரர் அப்படியே எதிர். நிலக்கோட்டையில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வரைக்கும் வேன் ஓட்டுவார். எவன் குறுக்கே வந்து விழுந்தாலும் அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. அந்த மனிதருக்கு இன்று வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பிரேக் மிதிக்கிற கால். அதற்குக் காரணமான டாக்டரைச் சும்மா விடக்கூடாது என்று நான் கங்கணம் கட்டியபோது, அந்த டாக்டர் யார் என்பதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

காலை வெட்டி எடுத்த சர்ஜன்தான், வேறு யார்? காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்து நாற்றமெடுத்திருந்தது. சர்ஜன் வந்தார், துணிக்கட்டை அவிழ்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இம்புட்டு நாளா என்னத்தப் பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ஒரு தடவயாச்சும் சுகர் பாத்தீங்களா? கால்ல முள்ளு குத்துனதுமே வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும். மாட்டுக்குப் புண்ணு வந்தாக்கூட இதவிட நல்லாப் பாப்பாங்க."

மாடு என்று சொன்னது என் நெஞ்சில் தைத்துவிட்டது. கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் ஆளும் போய்விடுவார் என்றார். போட்டேன். காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் அந்த ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

என் தம்பி வந்து நின்றான். "அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லு. நம்ம ஊர் ஆளுகள எறக்குறேன். ஆஸ்பத்திரில ஒரு கண்ணாடி மிஞ்சாது."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கண்ணாடியை மறுநாளே மாட்டிவிடுவார்கள், நம் பையன்கள்தான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்த சர்ஜன் கோர்ட்டில் நின்று கையைப் பிசைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு வக்கீல் வேண்டும்.

கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த வக்கீல் அம்மாவிடம் போனேன். என்னைவிடச் சின்ன வயசு, பேச்சில் படு கறார். நான் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு வைத்தியக் காகிதங்களின் நகலை வாங்கிவரச் சொன்னார். கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமாம், கொடுத்தார்கள். அதை வெளியூரில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்கு அனுப்பி வைத்தார். சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அக்கா, கத்துனதுக்கெல்லாம் இந்தக் கேஸ் கெடையாது. கெட்டது நடந்துச்சுங்கிறது வேற, தப்பு நடந்துச்சுங்கிறது வேற. ஒரு டாக்டர் செய்ய வேண்டியதச் செய்யாம விட்டாரு, அதனாலதான் கால் போச்சு. இந்த ரெண்டையும் இன்னொரு டாக்டர் வாயால சொல்ல வைக்கணும். இந்த சர்ஜன் செஞ்சது அம்புட்டும் சரின்னு நான் கேட்ட டாக்டர் சொல்லிட்டாரு. அன்னைக்கு எடுக்கலேன்னா உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு இல்ல."

இத்தனை நாள் அந்த ஆளைத் திட்டித் திட்டித்தான் சோறு தின்றேன்.

"அதுக்கு முன்னாடி யார்கிட்டக் காட்டுனீங்க?" என்றார்.

தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

எங்கள் தெருமுனை டாக்டரிடம்தான் காட்டினோம். கைராசிக்காரர் என்றால் எங்கள் பக்கத்தில் அவர்தான். வடமதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து அவரிடம் ஊசி போட்டுக்கொண்டு போவார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வந்த காய்ச்சல் எல்லாம் அவர் கை பட்டுத்தான் இறங்கியது. சீட்டு எழுத மாட்டார், மாத்திரையை அவரே காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். பழனிக்குப் போய்வந்தால் பஞ்சாமிர்த டப்பாவில் முதல் டப்பாவை என் வீட்டுக்காரர் அவருக்குத்தான் கொடுப்பார். எங்கள் வீட்டில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம்.

பாதத்தில் கருவேல முள் ஏறிய அன்று அவர் புண்ணைப் பார்த்தார். பார்த்தது அந்த ஒரு நாள்தான். அதன்பிறகு வாரக்கணக்கில் இவர் போய் எதிரே உட்காருவார். "வலிக்குதா அப்பு?" என்று டாக்டர் நாற்காலியில் இருந்தபடியே கேட்பார். "இல்லீங்கய்யா" என்பார் இவர். "அப்ப ஆறிக்கிட்டு வருது" என்று ஒரு ஊசி. வீட்டில் கட்டு மாற்றியது நான். ஓரம் கறுக்கிறது என்று நானே போய்ச் சொன்னேன். "அது பழைய ரத்தம்மா, உதுந்துரும்" என்று சிரித்தார். சர்க்கரை ஏறினால் பாதம் மரத்துப்போகும், வலிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்பதை எனக்கு வக்கீல் சொல்ல வேண்டியிருந்தது. படித்த டாக்டர் அதைத் தெரியாமல் இருப்பாரா?

"அவர் மேலதான் கேஸ். ஆனா அவர் வைத்தியம் பாத்தாருங்கிறதுக்கே கையில ஒரு துண்டுச் சீட்டு இல்லையே. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், யோசிச்சுச் சொல்லுங்க. கையெழுத்து நீங்க போட முடியாது, உங்க வீட்டுக்காரர்தான் போடணும்" என்றார் வக்கீல்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "நம்ம புள்ளைகளப் பாத்த மனுசன். மாட்டேன்" என்றார். கத்தினேன், அழுதேன், சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். மனிதர் அசையவில்லை. கடைசியில், "சரி, மொதல்ல அவர் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த கேப்போம். தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லிட்டார்னா நீ இத விட்டுரணும்" என்றார். எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கிளினிக்கில் பெஞ்சு நிறையக் கூட்டம். கதவைத் திறந்துதான் வைத்திருப்பார், உள்ளே பேசுவது வெளியே கேட்கும். இவர் கக்கத்தில் கட்டையை ஊன்றி உள்ளே போனார், நான் பின்னாலேயே போனேன். டாக்டர் எழுந்து வந்து தோளைத் தொட்டார்.

"அடடா, என்ன அப்பு இப்பிடி ஆகிப்போச்சு?"

"ஐயா, சுகர் பாத்திருந்தா கால் தப்பிச்சிருக்குமாமே" என்றார் இவர். ஏதோ இவர்தான் தப்புச் செய்துவிட்டதுபோல அத்தனை மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் வாசலில் இருந்த கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை உயர்த்தினார். "நான் அன்னைக்கே சொன்னேனேப்பா! புண்ணப் பாத்தவுடனே, சுகர் பாரு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுன்னு சொன்னேனா இல்லையா? நீதான வண்டி ஓட்டம் இருக்கு, போகமுடியாதுன்ன? நான் ஊசிய மட்டும் போட்டு என்ன பண்றது?"

பச்சைப் பொய். என் வாயில் வண்டி வண்டியாக வசவு வந்து நின்றது. அதற்குள் இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் பார்த்ததே இல்லை.

"வா புள்ள, போவோம்" என்றார். ஆட்டோவில் ஏறியதும், "அந்த வக்கீலம்மா இன்னும் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

இருந்தார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "புண்ணப் பாத்தேன், ஊசி போட்டேன்னு அவர் வாயாலயே சொன்னாரா? சுகர் பாக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னும் சொன்னாரா? எத்தன பேர் கேட்டாங்க?"

பெஞ்சு முழுக்கக் கேட்டிருந்தது. ஆனால் கைராசிக்காரருக்கு எதிராக எங்கள் ஊரில் எவர் வாய் திறப்பார்? நான் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம் காப்பி கிடைத்தது, சாட்சி கிடைக்கவில்லை. அன்று காய்ச்சல்காரப் பிள்ளையோடு வடமதுரையிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். "நான் வந்து சொல்றேன்க்கா. வெளிய வரும்போது உங்க வீட்டுக்காரர் மொகத்தப் பாத்தேன். எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல" என்றாள். இவர் கையெழுத்துப் போட்டார். நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம்.

டாக்டர் பதில் கொடுத்தார், அதே பொய்யைக் கொஞ்சம் நீட்டி. வைத்தியம் பார்த்தேன் என்பதும் அதிலேயே இருந்தது. சமரசம் பேச ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். நல்ல மனுசனம்மா என்றார்கள். "நல்ல மனுசன் என் புருசன். உங்க டாக்டர் இனிக்கப் பேசுறவரு, அம்புட்டுத்தான்" என்று சொல்லி அனுப்பினேன். பாதித் தெரு என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டது. நிறுத்தட்டும். அந்த சர்ஜன் மேல் வைத்திருந்த கோபத்தை ஒரு பருக்கை சிந்தாமல் இந்த டாக்டர் பக்கம் திருப்பிவிட்டேன். கத்தினாலும் குனிந்து பார்த்தவர் அந்த சர்ஜன்.

டாக்டரைக் குறுக்கு விசாரணைக்கு வரச்சொன்ன நாள் வந்தது. கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் காலியாக இருந்தது. ஒரு ஓரத்தில் நாங்கள், மறு ஓரத்தில் அவர். எப்போது கூப்பிடுவார்கள் என்று அடிக்கொருதரம் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரையே பெஞ்சில் காக்க வைத்தவர். எனக்கு அதுவே தித்தித்தது, மறைக்க மாட்டேன்.

சும்மா இருக்கமுடியாமலோ பழக்கதோஷத்திலோ, அவர் இவர் பக்கம் திரும்பினார். "வலி இருக்கா அப்பு?"

இவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றினார். செயற்கைக் காலின் வாரை அவிழ்த்து, அதைக் கழற்றி இரண்டு பேருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தார்.

"இல்லீங்கய்யா. வலிக்கல. செத்தக் குனிஞ்சு பாருங்க."

வராந்தாவில் இருந்த எல்லாரும் திரும்பிவிட்டார்கள். டாக்டருக்கு வேறு வழி இல்லை. குனிந்தார். அவர் கண்ணாடி மூக்கில் வழுக்கியது. நிமிருங்கள் என்று நாங்கள் இரண்டு பேருமே சொல்லவில்லை. உள்ளே கூப்பிடும்வரை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.