முதுகு காட்டி நின்றவள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அண்ணாமலை நகரில் ஓவிய வரலாறு நடத்தியவன், படத்தில் இருப்பதை மட்டும் சொல் என்று மாணவர்களை அதட்டியவன். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

தேவனாம்பட்டினத்து ஓவியர் குமரவேல் கடலூரில் கண்காட்சி வைத்து, திறந்துவைத்துப் பேச என்னைக் கூப்பிட்டார். அவர் மனைவியையும் வீட்டையும் சுனாமி ஒரே காலையில் கொண்டுபோனது எனக்குத் தெரியும். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. கூட்டம் தொடங்குமுன் தனியாகச் சுற்றி வந்தபோது ஒரு குறியீட்டு ஓவியம் என்னை நிறுத்திவிட்டது. நீலமும் சாம்பலுமாகத் தண்ணீர், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வெளிச்சம், நடுவே முழங்கால் நீரில் ஒரு பெண். கண்களை மூடியிருந்தாள். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

மேடையில் அதைப் பற்றியே பேசினேன். மூடிய கண் தூங்கவில்லை, உள்ளே பார்க்கிறது, இந்த நீர் கனவுக்கும் விழிப்புக்கும் நடுவில் இருக்கிறது, அந்தத் தழும்பு ஒன்றுதான் அவளை இந்த உலகத்தோடு கட்டி வைத்திருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். நல்ல கைதட்டல். இறங்கியதும் என் மனைவியின் தம்பி காதருகே வந்தான்.

"இல்லாத மூஞ்சிய வச்சே அரமணி நேரம் ஓட்டிட்டீங்களே மாமா."

திரும்பிப் பார்த்தேன். படத்தில் அவள் கடலைப் பார்த்து நின்றாள். சடையும் முதுகும்தான் தெரிந்தன.

குமரவேல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ முகம் எனக்கு மறந்துபோச்சி சார். போட்டோவெல்லாம் தண்ணியோட போயிடுச்சி. அதான் திருப்பி நிக்க வச்சி வரைஞ்சேன். நீங்க சொன்னப்பதான் அந்தத் தழும்பே ஞாபகம் வந்துச்சி. மூக்கு எப்பிடி இருந்துச்சி? ஒரு தாள்ல போட்டுக் காட்டுங்க சார்."

என்னோடு வேலை பார்த்தவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது, பயமும்தான். "சும்மா பேச்சுக்குச் சொன்னதுப்பா. நாங்க அப்பிடித்தான் அளந்து விடுவோம்" என்று சிரித்தேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். "இத்தன வருஷமா நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். எனக்குக் காட்டாம உங்களுக்குக் காட்டியிருக்கா. நீங்களும் மறைக்கிறீங்க. நீங்களே வச்சிக்குங்க." படத்தைக் கழற்றி என் காரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

வீட்டுக்கு வந்து அந்த முகத்தை வரைந்து அனுப்பினேன், பிரிக்காமலே திரும்பி வந்தது. போனும் எடுப்பதில்லை. அங்கேயே வரைந்து கொடுத்திருக்கலாம்.

படம் சிதம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் முதுகுதான் தெரிகிறது. எனக்கு மட்டும் சில மத்தியானங்களில் முகம் தெரியும், போன வாரமும் தெரிந்தது. கண் மூடியேதான் இருக்கிறாள். இப்போது காதோரம் நரைத்திருக்கிறது.