வெட்டிய பாதியையும் வைத்திருந்தவர்

தனம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் எங்கள் இருவரின் கடையில் ஒருவருக்கு ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் சுமதி போனில் அழவில்லை. "சித்தி, அம்மா போயிட்டாங்க. டயாலிசிஸுக்குக் கெளம்பணும்னு எழுப்பினேன், எழுந்துக்கல" என்று மட்டும் சொன்னாள். நான் மிஷினை நிறுத்த மறந்து நின்றுவிட்டேன். அது பாட்டுக்கு அதே கார்டைத் துப்பிக்கொண்டே இருந்தது. வந்தவர்தான் எழுந்து சுவிட்சை அணைத்தார். யாருக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். நம்ம படம் போடுற அம்மாவா என்று கேட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

புதுச்சேரி பாகூர் கொம்யூனில் அவரைத் தெரியாத வீடு குறைவு. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், தீமிதி நோட்டீஸ் எல்லாமே அக்கா கம்ப்யூட்டரில் செய்தவைதான். ஆனால் ஊர் அவரை நினைத்துக்கொள்வது சாவு வீட்டை வைத்துத்தான். ஒருவர் கண்ணை மூடிய சில மணி நேரத்தில் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும், நம் பக்கத்தில் அது மரியாதை. அதற்குப் படம் வேண்டுமே! வயசானவர்களில் பலருக்குத் தனியாக எடுத்த நல்ல படம் இருக்காது. கல்யாணத்தன்று ஜோடியாக நின்று எடுத்த ஒன்று சட்டத்துக்குள் இருக்கும், ஆணியிலிருந்து கழற்றி அதையே எடுத்து வருவார்கள். புருஷன் இறந்திருந்தால் பெண்டாட்டியை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் மேகமும் அருவியும் வைக்கச் சொல்வார்கள். "செத்தவங்கல்லாம் இன்னா ஊட்டிக்கா டூர் போயிருக்காங்க?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே அக்கா அருவியை வைப்பார்.

வெட்டிய பாதியை மற்ற கடைகளில் அழித்துவிடுவார்கள். அக்கா அழிக்க மாட்டார். 'மீதி' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். படத்தில் மிச்சமான, உயிரோடு இருக்கிற ஆள் அதில் போய்ச் சேருவார். இன்றைக்கு இவர் வேண்டும் என்று வந்தவர்கள் ஒரு நாள் அவர் வேண்டும் என்றும் வருவார்கள் என்பது அவருடைய கணக்கு. அது சரியாகத்தான் இருந்தது. புருஷன் போய்ப் பல வருஷம் கழித்து அம்மாவும் போய்விட்டார் என்று மகன்கள் வந்து நிற்பார்கள். வீட்டில் படம் கரையான் அரித்துப் போயிருக்கும். அக்கா மீதியைத் திறந்து, பட்டுப் புடவையில் மிரண்டு நிற்கும் ஒரு பெண்ணை எடுத்துக் கொடுப்பார். அம்மா இப்படியெல்லாம் இருந்தாரா என்று அந்த மகன்கள் திரையை நெருங்கிக் குனிந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கெடு வந்தது. இந்த விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் ஒரு பெட்டி முளைத்தது. மூடினால் மறுநாள் மறுபடியும் வரும். கரண்ட் பில் கட்டுவது, சர்ட்டிபிகேட்டுக்கு விண்ணப்பம் போடுவது, பாஸ்புக் எண்ணைப் போட்டு உதவித்தொகை பார்ப்பது என்று என்னுடைய வேலை முழுக்க அதே மிஷினில்தான் நடந்தது. அரியாங்குப்பத்திலிருந்து வரும் மெக்கானிக், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்தப் பழைய மிஷின் புது விண்டோஸை ஏற்காது என்றார். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும், ஆனால் அக்காவின் பழைய தமிழ் எழுத்தும் பக்கம் கட்டுகிற சாஃப்ட்வேரும் அதில் ஓடுவது சந்தேகம். இப்படியே நெட்டில் விட்டு வைத்தால் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி என்றார்.

தூக்கி எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்றேன். எனக்கு எதிலும் அவசரம்தான், ஊருக்கே தெரியும். அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்குள்ள ஊர் ஜனமே கெடக்குதுடி. ஆதாரு, பாஸ்புக்கு, கைநாட்டு, மூஞ்சி. யாரோ ஒருத்தன்கிட்ட அப்படியே தூக்கிக் குடுத்துடுவியா?"

என் வேலைக்காகப் புது மிஷின் ஒன்று வாங்கினோம். பழையதின் நெட் கேபிளை அக்காவே பிடுங்கினார். வெளியாள் பென் டிரைவ் எதுவும் இனி இதில் ஏறக் கூடாது என்று எனக்கும் உத்தரவு போட்டார். மெக்கானிக் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்தார், அதில் அழித்தால் எவனாலும் திரும்ப எடுக்க முடியாது. அதை வைத்து ஆதார், பாஸ்புக் நகல்களையெல்லாம் முதலில் துடைத்தோம். கடைசியில் டிஸ்க்கைக் கழற்றிச் சுத்தியலால் அடித்த பிறகுதான் டப்பா காயலான் கடைக்குப் போக வேண்டும் என்பதும் அக்காவின் உத்தரவு. மிஞ்சியது மீதி ஃபோல்டர்.

படங்களைப் புது மிஷினுக்கு மாற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் போதும், மெக்கானிக்கே மாற்றித் தருவதாகச் சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மனுஷர்களைக் கேட்காமல் வைத்திருந்தோம், கேட்காமல் நெட்டில் இருக்கிற இன்னொரு பெட்டிக்கு மாற்றக் கூடாது என்றார். ஒவ்வொருவரையும் பார்த்து, வேண்டுமென்றால் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது, வேண்டாமென்றால் அழிப்பது, இதுதான் அவர் முடிவு. அதோடு இன்னொரு சங்கடமும் இருந்தது. ஃபைல்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் அவருக்கு மட்டும்தான் புரியும். 'புளியமரத்து வூடு', 'கரும்பு லோடு அண்ணன் சம்சாரம்' என்றால் நான் யாரைப் போய்த் தேடுவேன்? அப்போது அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. தான் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று நினைத்தார். "மிஷினு முந்துதா நானு முந்தறனா பாக்கலாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் மாணிக்கம் மாமா, அக்காவின் வீட்டுக்காரர், வயலுக்குப் போகும் வழியில் அவரைக் கடையில் இறக்கிவிட்டுப் போவார். முதலில் எடுத்தது பண்டசோழநல்லூர் கஸ்தூரியின் படத்தை. அவர் புருஷன் இறந்து வெகுநாள் ஆகிறது. வெள்ளம் வந்தபோது அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஆல்பம், சட்டம் போட்ட படம் எல்லாம் கூழாகிப் போனது. அக்கா ஆசை ஆசையாகக் கஸ்தூரியின் பாதியைத் துலக்கி, நல்ல சட்டம் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். எனக்காவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? பேனர் போடுகிற கடையிலிருந்து, சட்டம் போட்டு, தனி ஆளாக மார்பளவு படம்! கஸ்தூரியின் மகன் பிரித்துப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டான். எங்கம்மா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது, மாலை போட்டுக் கும்பிடச் சொல்கிறீர்களா என்று தெருவே கேட்கக் கத்தினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து அக்காவிடம் அதைவிடச் சத்தமாக நான் கத்தினேன். ஊருக்கு நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்தானே.

அக்கா மதியம் சாப்பிடவில்லை. பிறகு மிஷினைப் போட்டு, பழைய பேனர் ஃபைலிலிருந்து கஸ்தூரியின் புருஷனுடைய பாதியைத் தேடி எடுத்தார். வெட்டியவரே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒட்டினார். பேனருக்காக அழித்த கஸ்தூரியின் கையை இன்னொரு படத்திலிருந்து எடுத்து வரைந்து, பழையபடி புருஷன் தோளில் வைத்தார். அருவியை எடுத்துவிட்டு ஸ்டுடியோ திரையைக் கொண்டுவந்தார். சட்டம் போடவில்லை. கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வது போலக் கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். மஞ்சள் தடவியதை யாரும் சாவுக் காகிதம் என்று நினைக்க மாட்டார்கள் அல்லவா? இந்த முறை அவரே என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

கஸ்தூரி படத்தைக் கையில் வாங்கினார், புருஷனைப் பார்க்கவில்லை. தன்னைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு, சுவரில் மாட்ட மாட்டேன், பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன், தோன்றும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மகன் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான். டயாலிசிஸில் இருந்ததால் அக்கா தண்ணீரை அளவாகத்தான் குடிக்க வேண்டும், அன்றைக்கு அந்த மோரை முழுக்கக் குடித்துவிட்டார், நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே ஜோடியாகத்தான் போனது. நல்லவாடு, கன்னியக்கோயில், வில்லியனூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவர்கள் என்று தேடித் தேடிக் கொடுத்தோம். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்கள் சொன்ன அன்றைக்கே அக்கா அழித்துவிடுவார். ஏன் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டார். ஒருவர் மூஞ்சி அவருக்குத்தான் சொந்தம் என்பார்.

மார்கழியில் ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"ராணி, உன்னுதும் கெடக்குது. இன்னா செய்யட்டும்?"

உங்களில் பலருக்கு இது தெரியாது. நான் அந்தக் கடைக்கு முதலில் போனதே என் வீட்டுக்காரர் இறந்த அன்று, அவர் படத்தை எடுத்துக்கொண்டுதான். குடித்தே போன மனுஷன். அவர் கையால் நான் பட்டதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் கல்யாணப் படத்தில் அக்கா என்னை வெட்டி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், மனசுக்கு அப்பாடா என்று இருந்தது. கருமாதி முடிந்ததும் அசல் படத்தை அடுப்பில் போட்டேன். பிழைக்க வழியில்லாமல் நின்ற எனக்கு அந்தக் கடையிலேயே வேலை கொடுத்து, பிறகு பாதிப் பங்கும் கொடுத்தவர் அக்கா. என் பாதியை 'நம்ம ராணி' என்ற பெயரில் வைத்திருப்பதாக அன்றைக்குத்தான் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கண்றாவியை எதற்கு இத்தனை நாள் வைத்திருந்தீர்கள், அழித்துத் தொலையுங்கள் என்றேன்.

"சொன்னா செஞ்சிடுவேன். அப்புறம் வராது."

வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் வேறு யாருடைய ஜோடியையோ ஒட்டிக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தை பிறந்து, அறுவடை முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

அவருக்கான பேனரை நான்தான் செய்தேன். சுமதி போனில் அனுப்பிய படம், பின்னால் வெறும் வெள்ளை. எழுத்து கோணலாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

கருமாதி முடிந்து கடையைத் திறந்த அன்று பழைய மிஷினைப் போட்டேன். மீதியைத் திறந்து 'நம்ம ராணி' என்று தேடினேன். இல்லை. கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலும் இல்லை. வேறு பெயரில் ஒளித்து வைத்திருப்பாரோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மெக்கானிக்கை வரவழைத்தேன். துடைத்தது துடைத்ததுதான் என்று அவர் தலையை ஆட்டினார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாய்விட்டு அழுதேன். அந்த மனுஷனுக்காக இல்லை. பத்தொன்பது வயசில் நான் எப்படி இருந்தேன் என்பதற்கு இந்த உலகத்தில் வேறு படமே கிடையாது. பாவி, எத்தனை விஷயத்தில் என் பேச்சைக் கேட்காமல் என்னைத் திட்டியிருக்கிறாய்! இந்த ஒன்றிலும் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா அக்கா?

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்த மிஷின்தான். கேபிள் செருகவில்லை, செருகவும் மாட்டேன். ஃபோல்டரில் இன்னும் நிறையப் பேர் மிச்சம் இருக்கிறார்கள். அக்காவால் முடிக்க முடியவில்லை. அவருடைய வழக்கத்தில் ஒன்றை மட்டும் நான் மாற்றிவிட்டேன். யாராவது வந்து அழித்துவிடு என்று சொன்னால், வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்துவிட்டு இன்னொரு நாள் வந்து சொல்லுங்கள் என்கிறேன். கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அக்காவிடம் என்றைக்காவது வீட்டுப் படம் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாலு தெருவுக்குச் சொல்லுங்கள். ஃபைல் பெயரைப் படித்தால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முகங்கள் மட்டும் இருக்கின்றன, எல்லாம் சின்ன வயசு முகங்கள். இன்றைக்கு உங்களைத் தெருவில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. நீங்களே கடைக்கு வாருங்கள். திரைக்கு முன்னால் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். இது நான்தான் என்று சொல்லுங்கள்.