காலுக்கு ஐந்து பேர்

ஊரில் ஏற்கெனவே ஒரு சேவைச் சங்கம் இருந்தது. அது மதியவேளையில் ஓட்டலில் கூடும். சலவைக் கடைக்காரிக்கு மதியம்தான் வியாபாரம். அவள் போனதில்லை. அவளை யாரும் கூப்பிட்டதுமில்லை.

கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவருக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். கால்கள் வீங்கிப்போயின. தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் வேண்டும். சங்கத்தின் தலைமையகத்தில் இரவலாகத் தருவார்கள், ஆனால் கிளைகள் கேட்டால்தான். டிரைவரின் மனைவி ஓட்டலில் கூடும் கிளைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தாள். அடுத்த வருஷத் திட்டத்தில் சேர்ப்பதாகச் சொன்னார்கள்.

புதிதாகக் கிளை தொடங்க இருபது பேர் போதும். கூட்டத்தை இணையத்திலேயே நடத்திக்கொள்ளலாம். கடைக்காரி துணியைக் கவரில் போட்டுக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டாள். வேலை இருக்கிறது, வீட்டில் கேட்கவேண்டும் என்று நழுவினார்கள். பிறகு அவளுக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது.

"எங்கேயும் வர வேண்டாங்க. வீட்ல உட்கார்ந்தபடியே."

இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

கூட்டத்தில் ஒருவருடைய உச்சந்தலை மட்டும் தெரியும். ஒருத்தி காய் நறுக்குவாள். பல் டாக்டர் காரிலிருந்து பேசுவார், பாலத்துக்கு அடியில் போனதும் காணாமல் போவார். ஒருவர் கேமராவைத் திறந்ததே இல்லை. பெயருக்குப் பதிலாக ஏதோ எண் இருக்கும். கறுப்புக் கட்டம் என்றே எல்லோரும் அவரைச் சொன்னார்கள். செயலாளராக வந்த கணக்காளர் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். சின்னத்தின் நிறம் நீலமா பச்சையா என்பதிலேயே இரண்டு கூட்டம் போயிற்று. கட்டில் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் நேரம் முடிந்திருக்கும். மேலே டிரைவர் இருமுவது அவள் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்கும்.

"கேக்குதா? அவரையும் உறுப்பினராச் சேத்துக்கோ. அவராவது வாயைத் திறப்பாரு" என்றான் கணவன்.

கடைசியில் சங்கத்தின் மண்டலப் பொறுப்பாளர் ஒவ்வொருவராகக் கேட்டு ஒப்புதல் வாங்கினார். கறுப்புக் கட்டம் 'ஆம்' என்று எழுத்தில் போட்டது. கிளை பிறந்தது. கணக்காளரையும் மீறி அவள் அன்றே கட்டிலுக்கு விண்ணப்பித்தாள்.

கட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. லாரிக்காரர்கள் அதை மாடிப்படியின் அடியில் இறக்கி வைத்துவிட்டு, மாடி ஏற்றுவது தங்கள் வேலையில்லை என்று போய்விட்டார்கள். இரும்புக் கட்டில். லிஃப்ட் இல்லாத கட்டடம். இருட்டுவதற்குள் வழியை விடவேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார் கட்டட மேலாளர்.

கணவன் ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"உங்க கிளையில இருபது பேர் இருக்காங்களே. கட்டிலுக்கு நாலு கால். காலுக்கு அஞ்சு பேர். கூப்பிடு."

அவள் படியில் உட்கார்ந்து கூட்டத்தைத் திறந்தாள். பெரும்பாலோர் வந்தார்கள். போனைத் திருப்பிக் கட்டிலைக் காட்டினாள். திரை முழுக்கக் கைதட்டும் படங்கள் பறந்தன. மேலே தூக்க ஆள் வேண்டும், பக்கத்தில் இருப்பவர்கள் வந்தால் போதும் என்றாள். கைதட்டல் நின்றது. பல் டாக்டர் பாலத்துக்கு அடியில் போனார்.

கணக்காளர் தொண்டையைச் செருமினார்.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, எங்கேயும் வர வேண்டாம்னு. அதை நம்பித்தான் நாங்கல்லாம் சேர்ந்தோம்."

சொன்னது அவள்தான். வீட்டை விட்டு நகராதவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்ததும் அவள்தான். திரையில் ஒவ்வொரு முகமாக மறைந்தது. கறுப்புக் கட்டம்கூடப் போய்விட்டது.

மேலாளர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை கதவு திறந்தபோது வந்தது அவரல்ல. வாரத்துக்கு ஒரே ஒரு கோட்டு வெளுக்கப் போடுகிற ஆள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார்.

"நான்தாங்க அந்தக் கறுப்பு" என்றார். "தூக்க முடியாது, டிஸ்க் போச்சு. ஸ்பேனர் கொண்டுவந்திருக்கேன்."

"வந்ததே ஒண்ணு, அதுக்கும் இடுப்பு இல்லை" என்று முணுமுணுத்தான் கணவன். ஆனாலும் முதலில் கழன்ற இரும்புச் சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டான்.

அவர் தரையில் ஒருக்களித்துப் படுத்து ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். புருஷனும் பெண்டாட்டியும் துண்டு துண்டாக மேலே கொண்டுபோனார்கள். படி திரும்புகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவளுடைய விரல் சுவரில் நசுங்கியது. மேலே அவர் மறுபடியும் பூட்டினார். விரிப்பைப் போடுவதற்குள் டிரைவர் சாய்ந்துவிட்டார். வாய் லேசாகத் திறந்தது. தூங்கிப்போனார்.

பையிலிருந்த போன் பேசியது. கூட்டத்தை அவள் மூடவே இல்லை. கணக்காளர் மட்டும் மறுபடியும் வந்திருந்தார்.

"ஏத்தியாச்சா மேடம்? ஒரு போட்டோ அனுப்புங்க. உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றுகூடி நிறைவேற்றினர்னு போடறேன். சரிதானே?"

கறுப்புக் கட்டம் தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்று கைகாட்டி ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். கணவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நசுங்கிய விரலை அவள் வாயில் வைத்திருந்தாள். டிரைவருக்கு அடுத்து ஆக்சிஜன் இயந்திரம் வேண்டும். அதையும் தலைமையகம்தான் தரும். அதற்கும் இருபது பேர் வேண்டும்.

"சரிங்க" என்றாள்.