கோழி தின்ற ஓட்ஸ்

ஓட்ஸைச் சுளகில் போட்டுப் புடைத்தவள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்னொருத்தி இருக்கிறாள் என்று யாராவது சொன்னால், பஸ் பிடித்துப் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.

அறுபதுகளின் கடைசி அது. எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரில் மாதர் சங்கம் என்று ஒன்று இருந்தது. இருந்தது என்றால், ஒரு போர்டும் ஒரு தையல் மிஷினும் ஒரு பெஞ்சும் இருந்தன. நான்தான் அமைப்பாளர். கடலை மடித்துக் கொடுக்கிற காகிதத்தைக்கூட விடாமல் எழுத்துக்கூட்டி வாசிப்பேன் என்பதால் அந்தப் பட்டம் என் தலையில் விழுந்தது. யூனியன் ஆபீஸிலிருந்து எங்களுக்கு ஒரு கிராம சேவிகாவைப் போட்டிருந்தார்கள். சத்தான சாப்பாட்டை எப்படிச் செய்வது என்று ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டுவது அவள் வேலை. என்னைவிட மூன்று வயது இளையவள். எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். ஆபீஸில் கொடுத்த சைக்கிளில் வருவாள். பொம்பளை சைக்கிள் விடுவதை எங்கள் ஊர் அப்போதுதான் முதல்முறை பார்த்தது. "சேலை கட்டுன காத்தாடியில்ல போகுது!" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. மதினியின் வாய்க்கு நான் அடிமை. அவள் திட்டினால்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன்.

டீச்சருக்கு எல்லாம் வந்தது, கூட்டம்தான் வரவில்லை. விடிந்தால் களை எடுக்கப் போகிறவர்களை நிறுத்தி, கேரட்டை வேகவைப்பது எப்படி என்று சொன்னால் யார் நிற்பார்கள்? "நம்ம ஊர்ல இல்லாததையா பாத்துப் பாத்துத் திங்கச் சொல்லுதே இந்தப் பிள்ளை" என்று மதினி சொன்னதும் இருந்த நாலு பேரும் எழுந்து போனார்கள்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்த டீச்சர் எழுந்திருக்கவே இல்லை.

"அடுத்த வாரம் ஜில்லா ஆபீஸ்ல இருந்து பெரிய அம்மா வாராகக்கா. காலையில பத்து மணிக்கு. கூட்டம் எவ்வளவு வருதுன்னு பாக்கத்தான்."

"கூட்டம் இல்லைன்னா?"

"வேலையை நிரந்தரம் பண்ண மாட்டாக. வீட்டுக்குப் போன்னுருவாக. அப்பா லெட்டரே போட்டுட்டாக. ஆவணியில அத்தை மகனுக்கு முடிச்சிரணுமாம்."

"அத்தை மகன் எப்பிடி?"

"நல்லவருதான்."

"பெறகு என்ன?"

"சைக்கிளை ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணுமேக்கா" என்றாள். 

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. தகப்பன் கை பிடிக்காமல், அண்ணன் துணைக்கு வராமல், தன் காலால் மிதித்துத் தான் நினைத்த ஊருக்குப் போகிற சுகம் ஆறு மாதமாகத்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடு என்றால்?

பெரிய அம்மாவின் ஜீப் டிரைவர் டீச்சரிடம் ஒரு ரகசியம் சொல்லியிருந்தார். "பெரிய அம்மா காலையில ஓட்ஸைத் தவிர வேற எதையும் வாயில வைக்க மாட்டாக. வெறும் வயித்தோட வந்தா அன்னைக்கு ஒருத்தருக்கும் நல்லகாலம் இல்ல." உடனே டீச்சர் ஒரு திட்டம் போட்டாள். பயிற்சியில் கூட இருந்த சிநேகிதிக்கு எழுதிப்போட்டு, பழம் போட்டு ஓட்ஸை கேக் மாதிரி வேகவைக்கிற முறையை வாங்கினாள். அதையே அன்றைக்குச் செய்து காட்டுவது, அதையே அந்த அம்மாவுக்குச் சுடச்சுடப் பலகாரமாக வைப்பது. மதுரைக்குப் போய் ஒரு டின் ஓட்ஸ் வாங்கி, காரியாபட்டி வழியாக மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அருப்புக்கோட்டை பாய் கடையில் பேரீச்சம்பழமும் கிஸ்மிஸும். வாழைப்பழம் ஒரு சீப்பு. பப்பாளி மட்டும் எங்கள் கொல்லையில், அவளே கன்று கொடுத்து நடச்சொன்ன மரத்தில் பழுத்தது.

முதல் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் என் வீட்டில் வைத்துவிட்டு, "காலையில ஏழு மணிக்கு வாரேன்க்கா" என்று போனாள். அவள் வருவதற்குள் கைவேலை கொஞ்சம் முடித்துவைப்போம் என்று நான் விடியவே எழுந்தேன். நம் வீட்டுக்குள் எந்தத் தானியம் வந்தாலும் சுளகைப் பார்க்காமல் அடுப்பைப் பார்க்காது. டின்னைத் திறந்தேன். மீன் செதில் மாதிரி தட்டைத் தட்டையாய், ஊதினால் பறக்கிற கனத்தில் ஒன்று இருந்தது. எனக்கு அது உமியாகத்தான் பட்டது. பாவம், மதுரைக் கடைக்காரன் டீச்சரை ஏமாற்றி உமியோடு கட்டிவிட்டான், தானியம் அடியில் கிடக்கும் என்று முடிவுகட்டினேன்.

வாசலுக்கு வந்து சுளகில் கொட்டி ஒரு புடை புடைத்தேன். எங்கள் பக்கத்து ஆடிக் காற்று ஆட்டுக்குட்டியையே நகட்டிவிடும். பாதி போய்விட்டது. தானியத்தைக் காணோம். இன்னும் உமி இருக்கிறது போல என்று இன்னொரு புடை. சுளகில் இரண்டு கை அளவுதான் மிச்சம். அதிலும் தானியம் இல்லை.

"ஏத்தா, என்னத்தப் புடைக்கிற?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மதினி கத்தினாள். "எங்கோழி பூராவும் பந்திக்கு முந்துற மாதிரி ஓடுதுக!"

எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுக் கோழிகள் மதினி வாசலில் தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து சைக்கிள் மணி.

"டீச்சர், உங்களை ஏமாத்திட்டான். டின்னு பூராவும் உமி" என்றேன். நியாயம் கேட்கிற குரலில்தான் சொன்னேன்.

அவள் சுளகைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். "அக்கா, பறந்துச்சே, அதுதான் ஓட்ஸ்."

"அப்ப தானியம்?"

"அதுதான்க்கா தானியம். மிஷின்ல நசுக்கித் தட்டையாக்கி வரும்."

இன்றைக்கு இதைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பிள்ளையின் சைக்கிளைக் காற்றில் புடைத்து விட்டுவிட்டேனே! அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. சைக்கிள் ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே நின்றாள். திட்டியிருக்கலாம்.

"நசுக்கித் தட்டையாக்குனதுதானே?" என்றேன். "எங்க வீட்டுல உலக்கை எதுக்கு இருக்கு?"

மத்தியானச் சோற்றுக்காகக் குத்திப் புடைத்துவைத்த கம்பு இருந்தது. ஈரம் தெளித்து, சட்டியில் போட்டு வறுத்து, சூடு ஆறுவதற்குள் உரலில் கொட்டிப் போட்டேன் நாலு போடு. அவல் போலத் தட்டையாக வந்தது. கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் பறக்காது. டீச்சர் ஒரு உலக்கை, நான் ஒரு உலக்கை. மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொருத்திக்கும் கதையை முதலிலிருந்து சொன்னாள். "மதுரையில இருந்து டின்னுல வந்த ஓட்ஸாம்! இவ உமின்னு புடைச்சுட்டா! எங்கோழி இனி கூவுனா இங்கிலீஷ்லதான் கூவும்!"

களைக்கொத்தோடு போனவர்கள் நின்றார்கள். நின்றவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். "எங்க, பறந்ததக் காட்டு" என்று ஒருத்தி. "கம்புல கேக்கா? வெந்தா பாப்போம்" என்று இன்னொருத்தி. வேலைக்கு நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டே ஒருத்தியும் போகவில்லை.

வாழைப்பழத்தைப் பிசைந்து, கருப்பட்டிப் பாகும் பாலும் ஊற்றி, கம்பு அவலையும் மிஞ்சியிருந்த இரண்டு கை ஓட்ஸையும் ஊறப்போட்டோம். ஒரு சிட்டிகை சோடா உப்பு, ஏலக்காய், வறுத்துத் தட்டிய நிலக்கடலை. முட்டை வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் மதினி உள்ளே போய் நாலு முட்டை கொண்டுவந்தாள். "எடுத்துக்கோ. உன் ஓட்ஸு முட்டையாத் திரும்பி வருதுன்னு வச்சுக்கோ." பேரீச்சம்பழத்தை நறுக்கி, கிஸ்மிஸைத் தூவி, மேலே பப்பாளித் துண்டை டீச்சர் வட்டமாக அடுக்கினாள். பெரிய இருப்புச்சட்டியில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, நெய் தடவிய பாத்திரத்தை அதற்குள் இறக்கி, தாம்பாளத்தால் மூடி, மேலே கருவேலங் கங்கை அள்ளிப் போட்டோம். அடியிலும் நெருப்பு, தலையிலும் நெருப்பு. "எம் மாமியாகிட்ட நான் இருந்த மாதிரியே இருக்கு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. கருப்பட்டியும் பழமும் சேர்ந்து வேகிற வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

வெந்ததைச் சங்கத்துக்குத் தூக்கிப் போனோம், பின்னாலேயே கூட்டமும் வந்தது. ஜீப் வந்தபோது சங்கத்து வாசலில் கால் வைக்க இடமில்லை. நிறைய அதட்டல் எதிர்பார்த்திருந்தேன். இறங்கியது ஒல்லியாக, கண்ணாடி போட்ட, சின்னக் குரலில் பேசுகிற அம்மா. பெஞ்சில் உட்கார்ந்து கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டீச்சர் ஒரு துண்டு வெட்டினாள். அடி கொஞ்சம் பிடித்திருந்தது, ஓரம் கறுத்திருந்தது. நல்ல துண்டாகப் பார்த்துத் தட்டில் வைத்து, "ஓட்ஸ்ம்மா" என்று முணுமுணுத்தாள்.

அந்த அம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"இது ஓட்ஸ் இல்லையே?"

டிரைவர் வேப்பமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லைங்கம்மா" என்றாள். அவள் வாயால் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது. நானே முன்னால் போனேன்.

"தப்பு எம்மேலம்மா. அந்தப் பிள்ளை மதுரை வரைக்கும் போயி டின்னு வாங்கியாந்துச்சு. நான்தான் உமின்னு நெனச்சு சுளகுல போட்டுப் புடைச்சுட்டேன். காத்துல போச்சு. இது கம்பு."

 மதினியால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"ஓட்ஸு எங்கயும் போகலம்மா" என்றாள். "எங்கோழி தின்னுச்சு. அது இட்ட முட்டை இதுக்குள்ளதான் கெடக்கு. சுத்தி வந்திருக்கு, அம்புட்டுத்தான்!"

அந்த அம்மா முதலில் வாயை மூடிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டிவந்தது. "ஓட்ஸ் எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததும்மா. வீட்டுல முழிச்சாலே அது முகத்துலதான் முழிக்கிறேன். இங்க வந்தும் அதான்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டுக்குத் தட்டை நீட்டினார்.

பிறகு மதினியைப் பார்த்து, "இதை உனக்குச் செய்யத் தெரியுமா?" என்றார். மதினி கம்பு குத்துவதிலிருந்து கங்கு அள்ளுவது வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். நடுவில் ஏலக்காயை விட்டதற்கு நாலு பேர் திருத்தினார்கள். கேரட்டுக்கு எழுந்து போனவர்கள்தான் அவர்கள். அந்த அம்மா நோட்டில் என்னமோ எழுதினார். ஜீப்பில் ஏறுமுன் டீச்சரிடம், "ஊர்ல இருக்கிறதை வச்சே செய்யச் சொல்லு, கூட்டம் தானா வரும்" என்று மட்டும் சொன்னார். அது நல்ல வார்த்தையா, குற்றம் சொன்னதா என்று டீச்சருக்கும் எனக்கும் விளங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

ஆவணி பிறக்க இரண்டு நாள் இருக்கையில் தெருவில் மணிச்சத்தம் விடாமல் கேட்டது. டீச்சர் சைக்கிளை விட்டு இறங்காமல் என்னைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்தாள். ஒரு கையில் தபால்.

"பிரேக் போயிருச்சா?" என்றேன் பயந்து.

"இல்லக்கா. இறங்க மனசு வரல."

வேலை நிரந்தரம். கூடவே இன்னொரு உத்தரவு. அடுத்த மாதம் திருச்சுழியில் கூடுகிற மாதர் சங்கக் கூட்டத்தில் எங்கள் ஊர் அந்தக் கம்பு பலகாரத்தைச் செய்து காட்ட வேண்டும், அமைப்பாளர் தவறாமல் சுளகோடு வர வேண்டும். சுளகோடு என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தது.

திருச்சுழிக் கூட்டத்தன்றைக்கு பஸ்ஸுக்குக் காத்திருக்க டீச்சருக்குப் பொறுமை இல்லை. "ஏறுங்கக்கா" என்று என்னைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு கையால் அவள் இடுப்பைப் பிடித்தேன், மறு கையில் சுளகு. வெயிலுக்கு மறைவாக அதைக் கொஞ்சம் உயர்த்தியதுதான் தெரியும், எதிர்க்காற்று அதில் வந்து அறைந்தது.

"அக்கா, சுளகை இறக்கிப் பிடிங்க! நான் திருச்சுழிக்கு மிதிக்கிறேன், நீங்க ரெட்டியபட்டிக்கு இழுக்கிறீங்க!"