செந்தொண்டைக் குருவிக்கு ஒரு விழா

கல்கத்தாவில் குளிர் எட்டிப் பார்த்தால் போதும், நிர்மால்ய சமாத்தார் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் பேட்டைப் பூங்காவில் ஆஜராகிவிடுவார். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாயிற்று. வீட்டில் அவரைத் தேட ஆளில்லை.

பூங்காவில் அவருக்கு ஒரு விருந்தாளி உண்டு. குளத்தங்கரை மூலையில் யாரும் சீண்டாத உண்ணிச்செடிப் புதருக்குள், வடக்கே பனிநாட்டிலிருந்து வருஷா வருஷம் வந்து தங்கும் செந்தொண்டைக் குருவி. இந்த ஊரில் அதைப் பார்த்தவர்களே சொற்பம். கழுத்தடியில் குங்குமம் அப்பினதுபோல் ஒரு சிவப்பு. அது கண்ணில் பட வெகுநேரம் அசையாமல் உட்கார வேண்டும். பட்டுவிட்டால் மனுஷருக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம். யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

இந்த வருஷம் வாய் திறக்க வேண்டியதாயிற்று. பேட்டை கிளப், பிக்னிக்குக்காகப் புதருக்கு நேராக ஒலிபெருக்கி கட்டிவிட்டது. ஓடிப்போய்க் காரியதரிசி தேபுவிடம் குருவி விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினார். தேபு நல்லவன், அதுதான் சங்கடம். உடனே ஒலிபெருக்கியை இறக்கச் சொன்னான். "நம்ம பேட்டைக்கு இப்படி ஒரு பறவையா? இதைப் போய் ஏண்ணா மூடி மறைச்சீங்க?" என்று உருகினான்.

சாக்குக் கிடைத்தால் கிளப் விழா எடுக்காமல் விடுமா? வேலிக்குப் பச்சை வர்ணம் ஏறியது. சிமெண்டில் ஆளுயரக் குருவி எழும்பியது, கழுத்தில் லாரிக்கு அடிக்கிற சிவப்போடு. விழாவுக்கு முந்தின நாள் காலை அவர் போனபோது புதரைக் காணோம். வேரோடு பிடுங்கிப் பெருக்கி, சாமந்தித் தொட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"அது புதருக்குள்ளதான்பா இருக்கும். வெட்டவெளிக்கு வராது," என்றார் அங்கே நின்ற தேபுவிடம்.

"அதான் அண்ணா, ஜனங்க கண்ணுக்குத் தெரியலைன்னு எடுத்தோம். இனிமே பாருங்க, பளிச்சுனு தெரியும்," என்றான் தேபு.

கோபப்படக்கூட எதிரே ஒரு கெட்டவன் வேண்டுமே. கிழவர் சாயங்காலம் வரை தொட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குருவி வரவில்லை.

மறுநாள் சால்வை போர்த்தினார்கள், சந்தேஷ் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள், ரிப்பனை வெட்டச் சொன்னார்கள். வெட்டினார். பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கிக்கொண்டார்.

"குருவி போயிடுச்சு," என்றார். "நேத்திலேருந்து காணோம்." மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

கூட்டம் கைதட்டியது. தேபு அவர் தோளை அணைத்துக்கொண்டான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

"வருத்தப்படாதீங்க அண்ணா. அடுத்த வருஷம் வரும். அதுக்குள்ள குளத்தோட அந்தக் கரைப் பக்கத்தையும் சுத்தம் பண்ணி வெச்சிடறோம்."